குளியலறைத் துர்நாற்றமும் ஒரு குவளைத் தண்ணீரும்

செஞ்சிப் பக்கத்துப் பனமலைக்குச் சென்றோர், ஏரிக்கு அருகே குன்றின்மீது விளங்கும் தாளகிரீசுவரர் கோயிலைக் கண்டிருப்பர். பல்லவ மன்னன் இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த அக்கற்றளியின் சிறப்பையும், அங்கே எஞ்சியுள்ள உமையம்மை ஓவியத்தின் எழிலையும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நாம் ஈண்டு எழுதப் புகுவது குன்றின் அடியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள வீடுகளைப்பற்றியே ஆகும்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தூய்மை பாரத இயக்கம் தொடங்கிய பின்னர், பனமலை போன்ற சிற்றூர்களில் முன்னர்க் கழிப்பறையே இல்லாதிருந்த வீடுகள் பலவற்றில் அது அமைந்தது. அதனோடு ஒட்டிக் குளியலறையும் அமைந்தது. கொல்லைப்புறத்தில் ஓலைத் தடுக்கு மறைவில் நீராடிய பெண்மக்களுக்குச் சுவரும் கதவும் கிடைத்தன. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், புது வசதியோடு புதுத் தொல்லை ஒன்றும் வீட்டினுள் புகுந்தது. குளியலறையின் தரையிலுள்ள ஜலதாரையிலிருந்து எழும் துர்நாற்றமே அது. ஊதுவத்தி கொளுத்துகின்றனர்; வாசனை உருண்டை வாங்கி வைக்கின்றனர்; பினாயில் ஊற்றுகின்றனர். ஒரு நாழிகை அடங்கி மீண்டும் அது எழுகின்றது. "கழிப்பறை வீட்டோடு இருந்தால் இப்படித்தான்" என்று சலித்துக் கொண்டு, சிலர் அவ்வறையையே பூட்டிவைத்துவிடுகின்றனர்.

இத்துன்பம் விதியன்று. இதற்குக் காரணம் உண்டு; எளிய பரிகாரமும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் இப்பரிகாரத்துக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்க்கு மேற்படாது. சில வீடுகளில் ஒரு குவளைத் தண்ணீரே போதும். அங்கத்தினர்கள் தம் வீட்டளவில் செய்துகொள்ளத்தக்க முறையில் அதனை இங்கே விளக்குவோம்.

முன்னை நாளும் இந்நாளும்

நம் முன்னோர் வீடுகளில் இந்நாற்றம் ஏன் இருந்ததில்லை என்று முதியோர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. அந்நாளில் குளித்த நீர், கல் பாவிய தரையிலிருந்து சுவரில் இட்ட துளை வழியே வெளியேறி, திறந்த வாய்க்காலில் ஓடி, வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தது. மலம் வேறோரிடத்தில் கழிந்தது. குளித்த நீரோடு அது கலந்ததில்லை. வாய்க்காலில் சிறிது நாற்றம் எழுந்தாலும் திறந்த வெளியில் காற்று அதனைக் கொண்டுபோயிற்று. நம் கோயில்களில் திருமஞ்சன நீர் கோமுகி வழியே வெளியேறி, காற்றினூடே விழுந்து, கீழுள்ள தொட்டியில் சேர்வதைக் காண்கிறோம். வெளியேறும் வாய்க்கும் கீழே நீர் சேரும் இடத்துக்கும் நடுவே வெற்றிடம் இருப்பதால், கீழுள்ளது மேலே ஏற வழியில்லை.

இந்நாளிலோ தரைத் துளையிலிருந்து மூடிய குழாய் ஒன்று புறப்பட்டு, மலக்குழியையோ செப்டிக் தொட்டியையோ சென்று சேர்கிறது. நீர் போவதற்கென்று இட்ட அக்குழாய், நீர் போகாத வேளைகளிலும் திறந்தே கிடக்கிறது. பகலில் ஒரு நாழிகை அதன் வழியே நீர் கீழே இறங்குகிறது. மிகுந்த நேரமெல்லாம் தொட்டியின் காற்று அதே வழியே மேலே ஏறலாம். ஆகவே, மூடிய குழாயை வீட்டோடு இணைத்தவர், நீர் போகவும் காற்று வாராதிருக்கவும் நடுவே காவல் ஒன்றையும் வைத்தாக வேண்டும். அக்காவலை மறந்த வீடுகளிலும், வைத்த காவல் கெட்ட வீடுகளிலுமே நாற்றம் எழுகிறது.

நாற்றத்தின் தன்மை

காற்றோட்டமில்லாத தொட்டியில் மலமும் அழுக்கும் அழுகும்போது பலவகை வாயுக்கள் உண்டாகின்றன. அவற்றுள் அழுகிய முட்டையின் நாற்றமுடையது ஹைட்ரஜன் சல்பைடு. மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மூக்கு இதனை உணரும். ஆனால் அளவு மிகுந்து, காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு என்னும் நிலையை அடைந்தால் மூக்கு உணர்விழந்துவிடும். நாற்றம் நின்றது என எண்ணுகையிலேயே உயிருக்கு ஆபத்து நெருங்கியிருக்கும். இவ்வாயு காற்றினும் கனமானது. தாழ்ந்த இடத்தில் தங்குவது. மற்றொன்று மீத்தேன். இதற்கு மணமில்லை, ஆயின் தீப்பற்றக்கூடியது.

வீட்டுக் குளியலறையில் வந்து சேரும் அளவு பொதுவாகச் சிறியதே. எனினும் நாள்தோறும் அதனைச் சுவாசிப்போர்க்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாகலாம். வீட்டிலேயே தறி வைத்திருக்கும் நெசவாள அன்பர்கள் இதில் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். குழித்தறியில் காலை இறக்கி, காலை முதல் மாலை வரை ஓரிடத்தில் அமர்ந்திருப்பவர்க்கு, பக்கத்து அறையிலிருந்து தரையோடு தரையாய் வரும் கெட்ட காற்று பெரும் இடைஞ்சல். வேலைக்கூடத்தின் காற்றைத் தூய்மையாக வைப்பதும் தொழிலின் ஒரு பகுதியே.

வளைகுழாய் வந்த வரலாறு

மேலே கூறிய காவல், தண்ணீரே ஆகும். குழாயை ஓரிடத்தில் கீழ்நோக்கி வளைத்து மீண்டும் மேலே ஏற்றிவிட்டால், அவ்வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். மேலிருந்து ஊற்றும் நீர் அதனைத் தள்ளிக்கொண்டு போய்விடும். தேங்கிய நீரைத் தாண்டிக் காற்று வர இயலாது. இதனை நாம் நீர்த்தடை என்று வழங்குவோம். குழாய் வேலைக்காரர் 'டிராப்பு' என்பர்; குளியலறைத் தரையில் பதிப்பதை 'நஹானி டிராப்பு' என்பர்.

லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பார், 1775ஆம் ஆண்டில் கழிப்பறைக்கென இத்தகைய வளைகுழாயை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அந்நகரிலேயே 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியில் கலந்த சாக்கடையின் நாற்றம் நாடாளுமன்றத்தையே நடுங்கச் செய்தது. அதன் விளைவாகவே பேசல்கெட் என்னும் பொறியாளர் பெரும் பாதாளச் சாக்கடைகளை அமைக்க நேர்ந்தது. அக்காலத்தார் நாற்றமே காலராவை உண்டாக்குவதாக நம்பினர். அது தவறு என்பதும், காலரா கெட்ட நீரின் வழியே பரவுவது என்பதும் பின்னர் உறுதியாயின. ஆயினும், நாற்றத்துக்கு வழி இருக்கும் இடத்தில் வேறு பல கேடுகளுக்கும் வழி இருக்கிறது என்னும் உண்மை இன்றும் மாறவில்லை.

நம் நாட்டுச் சிற்றூர்களுக்கு நீர்த்தடையைக் கொண்டுவந்த முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1950களின் பிற்பகுதியில் மத்திய சுகாதார அமைச்சகத்தார், சுற்றுப்புறச் சுகாதாரம்பற்றி ஆய்வும் செயலும் இணைந்த திட்டம் ஒன்றை வங்காளத்துச் சிங்கூர், தில்லியை அடுத்த நஜப்கர், சென்னையை அடுத்த பூந்தமல்லி ஆகிய மூன்று இடங்களில் நடத்தினர். அதன் பயனாக உருவானதே 'ஆர்.சி.ஏ.' கழிப்பறை. அதன் பீங்கானுக்கு அடியில் அமைந்த வளைவில் நிற்கும் நீரின் ஆழம் 2 சென்டிமீட்டர் மட்டுமே. குடத்தில் நீர் சுமந்து வரும் வீடுகளில் ஒன்றிரண்டு லிட்டர் நீரிலேயே கழுவிவிடத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதனாலேயே தடையை அத்துணைச் சிறிதாக வைத்தனர். இன்று நம் ஊர்களில் உள்ள இரட்டைக் குழிக் கழிப்பறை அவ்வழியில் வந்ததே.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. கழிப்பறைப் பீங்கானில் நீர்த்தடை தானாகவே அமைந்து வருகிறது. அதன் பக்கத்திலேயே உள்ள குளியல் தரைத் துளைக்கு அஃது அமைவதில்லை. கொத்தனார் நினைந்து வைத்தால்தான் உண்டு. செலவைக் குறைக்க எண்ணி, நேர்க்குழாய் ஒன்றைப் பதித்து, மேலே துளையிட்ட தகட்டை மூடிவிடுவோரும் உளர். அத்தகடு தலைமயிரைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

ஹாங்காங்கில் நேர்ந்த கேடு

தரைத் துளையின் நீர்த்தடை வற்றியதனால் நேர்ந்த பெருங்கேட்டுக்கு 2003ஆம் ஆண்டின் நிகழ்ச்சி சான்று. ஹாங்காங் நகரில் அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு உள்ளது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் 'சார்ஸ்' என்னும் நுரையீரல் நோய் கண்ட ஒருவர் அங்கே வந்து தங்கினார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. சில வாரங்களுக்குள் அக்குடியிருப்பில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் மாண்டனர். ஒரே கட்டடத் தொகுதியில் அது மிகுந்து காணப்பட்டமையால் வல்லுநர் அதனை ஆராய்ந்தனர்.

அங்கே குளியலறைத் துளைகளுக்கு வளைகுழாய்கள் இருந்தன. ஆனால் மக்கள் தரையை நீர் ஊற்றிக் கழுவாது, ஈரத்துணியால் துடைத்து வந்தனர். ஆகவே வளைவுகளில் நின்ற நீர் வற்றிப் போயிற்று. குளியலறையில் காற்றை வெளியேற்றும் மின்விசிறியை ஓட்டியபோது, அது கழிவுக் குழாயிலிருந்தே காற்றை உறிஞ்சியது. அக்காற்றோடு நோய்க்கிருமி கலந்த நுண்துளிகளும் அறையினுள் வந்தன. கட்டடங்களுக்கு இடையிலுள்ள சந்தின் வழியே மேல்மாடிகளுக்கும் அவை ஏறின. இதன் பின்னரே, வாரம் ஒருமுறை ஒவ்வொரு துளையிலும் அரை லிட்டர் நீர் ஊற்றுமாறு ஹாங்காங் அரசினர் மக்களுக்கு அறிவுறுத்தினர்.

பனமலையில் முப்பது மாடிக் கட்டடம் இல்லை. ஒரு வீட்டின் குழாய் மற்றொரு வீட்டின் குழாயோடு இணைந்திருப்பதும் அரிது. ஆகவே அத்தகைய கேடு இங்கே நேருமென்று நாம் அச்சுறுத்தவில்லை. ஆயினும் அரை லிட்டர் நீரின் அருமையை அறிய அந்நிகழ்ச்சி போதும். செஞ்சி, விழுப்புரம் போன்ற நகரங்களில் மாடி வீடுகளில் குடியிருக்கும் அங்கத்தினர்கள் இதனை நேராகவே தமக்குரிய பாடமாகக் கொள்ளலாம்.

காரணத்தை அறியும் முறை

பரிகாரம் செய்வதற்கு முன்னர், நாற்றம் எவ்வழியே வருகிறது என்று அறிதல் வேண்டும். அதற்கு மூன்று சோதனைகள் உள.

முதலாவது, துளையின் மேல்தகட்டை எடுத்துவிட்டு, ஒரு செம்பு நீர் ஊற்றிச் சற்றுப் பொறுத்து, டார்ச்சு விளக்கால் உள்ளே பார்க்க வேண்டும். நீர் தேங்கி நிற்பது தெரிந்தால் நீர்த்தடை உண்டு. நீர் முழுவதும் இறங்கி வெறுங்குழாயே தெரிந்தால், ஒன்று நீர்த்தடை வைக்கப்படவில்லை, அல்லது அது உடைந்திருக்கிறது. தீக்குச்சியோ மெழுகுவத்தியோ கொளுத்திப் பார்த்தல் கூடாது. மீத்தேன் இருப்பின் தீப்பற்றும்.

இரண்டாவது, இரவு படுக்கும் முன்னர் ஒவ்வொரு துளையிலும் ஒரு செம்பு நீர் ஊற்றி, அறைக்கதவைச் சார்த்திவிட்டுக் காலையில் திறந்து முகர வேண்டும். நாற்றம் இல்லையாயின், நீர் வற்றியதே காரணம்.

மூன்றாவது, நாற்றம் அப்பொழுதும் இருக்குமாயின், ஒரு பிளாஸ்டிக் பையில் நீரையோ ஈரமணலையோ நிரப்பி வாயைக் கட்டி, துளையின்மேல் நன்றாகப் படியும்படி இரவு முழுவதும் வைக்க வேண்டும். காலையில் நாற்றம் நின்றிருந்தால் குற்றம் அத்துளையிலேயே உள்ளது. நிற்காவிட்டால் வழி வேறு. கழிப்பறைப் பீங்கானின் அடிப்பொருத்தோ, கை கழுவும் தொட்டியின் குழாயோ, ஜன்னலுக்கு அருகே முடியும் காற்றுக்குழாயோ என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

காரணங்களும் பரிகாரங்களும்

நீர் வற்றுதல்: நாள்தோறும் குளிக்கும் அறையில் இது நேராது. விருந்தினர்க்கென விட்ட அறையிலும், மாடி அறையிலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றோர் வீட்டிலும் நேரும். சித்திரை, வைகாசி மாதங்களில் விரைவில் வற்றும். வாரத்துக்கு ஒருநாள் குறித்துக்கொண்டு, எல்லாத் துளைகளிலும் ஒவ்வொரு செம்பு நீர் ஊற்றுவதே பரிகாரம். தேங்கிய நீர் இவ்வாறு மாற்றப்படுவதால் கொசுப் புழு வளர்வதும் தடைப்படும். பல வாரங்கள் வீட்டைப் பூட்டிச் செல்வோர், நீர் ஊற்றிய பின்னர் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டுச் செல்லலாம். எண்ணெய் மேலே ஆடைபோல் மிதந்து நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். திரும்பி வந்ததும் நிறைய நீர் ஊற்றி அதனைக் கழுவிவிட வேண்டும்.

அழுக்கு சேர்தல்: நீர்த்தடை சரியாக இருந்தும் நாற்றம் எழுமாயின், அந்த வளைவிலேயே அழுக்கு அழுகுகிறது என்று கொள்க. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் எண்ணெயும் சீயக்காயும் அரப்பும் தலைமயிரும் ஒன்றுசேர்ந்து களிபோல் படிகின்றன. கைத்தறி வீடுகளில் பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை இத்துளையில் ஊற்றுவதும் உண்டு. கஞ்சி இரண்டே நாளில் புளித்து நாறும். வாரம் ஒருமுறை தகட்டை எடுத்து, கையுறை அணிந்து மயிரை அகற்றி, பழைய பிரஷ்ஷினால் உட்சுவரைத் தேய்த்து, சலவைச் சோடா கரைத்த, கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரை ஊற்ற வேண்டும். கொதிநீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும், ஆகவே ஆகாது. மிஞ்சிய கஞ்சியை மாட்டுக்கோ எருக்குழிக்கோ அனுப்புவதே சிறப்பு. மயில்துத்தம் முதலியன கலந்த கஞ்சியாயின் மாட்டுக்கு வைத்தல் கூடாது.

உட்குவளையை எடுத்துவிடுதல்: சிலவகை டிராப்புகளில் வளைகுழாய் இராது, கவிழ்த்த குவளை ஒன்று நீரில் மூழ்கியவாறு நின்று காற்றைத் தடுக்கும். நீர் மெதுவாக இறங்குகிறதென்று கருதி, துப்புரவு செய்கையில் அக்குவளையை எடுத்து எறிந்துவிடுவோர் பலர். எறிந்த அன்றே நீர்த்தடையும் போயிற்று. அளவான குவளையை வாங்கி மீண்டும் வைத்தாலே போதும்.

நீர்த்தடையே இல்லாமை: இதற்குத் தரையை உடைத்து டிராப்பு பதிப்பதே முறையான பரிகாரம். அதில் நிற்கும் நீரின் ஆழம் 50 மில்லிமீட்டருக்கு, அஃதாவது இரண்டு அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். குழாயினுள் காற்றின் அழுத்தம் சிறிது ஏறினாலும் இரண்டு அங்குல நீரைத் தள்ள அதனால் இயலாது. ஒரே குழாயில் இரண்டு வளைவுகள் வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணுதல் தவறு; நடுவே காற்று சிக்கி, நீர் இறங்காது தேங்கும். உடனே உடைக்க இயலாதோர், நீர் இறங்குகையில் திறந்து மற்ற வேளையில் மூடிக்கொள்ளும் ரப்பர் அல்லது சிலிக்கோன் நாக்குள்ள அடைப்பான்களை வாங்கித் துளையில் பொருத்தலாம். மயிரும் மணலும் நாக்கில் சிக்கினால் அது மூடாது என்பதனால் அடிக்கடி கழுவுதல் அவசியம்.

நீர் உறிஞ்சப்படுதல்: கழிப்பறையில் ஒரு வாளி நீரைக் கொட்டும்போது குளியல் துளையில் 'களகள'வென்று ஓசை கேட்குமாயின், குழாயில் ஓடும் நீர் வளைவின் நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று அறிக. காற்றுக்குழாய் இல்லாமையே இதற்குக் காரணம். செப்டிக் தொட்டியுள்ள வீடுகளில் காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல் ஏறத்தாழ 2 மீட்டர் உயர்த்தி, முனையில் கொசுவலை கட்டிவிட வேண்டும். ஜன்னலுக்கு நேராக முடிந்தால் நாற்றம் அவ்வழியே திரும்ப வரும். இரட்டைக் குழிக் கழிப்பறைக்குக் காற்றுக்குழாய் வேண்டுவதில்லை; அங்கே வாயுக்களை மண்ணே ஏற்றுக்கொள்கிறது.

பொருத்தில் இடைவெளி: குழாய்க்கும் தரைக்கும் இடையே சிமெண்டு பிளந்திருந்தால், நீர்த்தடையைச் சுற்றிக்கொண்டு காற்று வரும். பிளவைத் தூய்மை செய்து சிமெண்டுக் கலவையால் அடைத்து, நன்றாக ஈரப்படுத்தி ஆறவிட வேண்டும்.

இவையெல்லாவற்றினும் சிறந்த பரிகாரம் ஒன்று சிற்றூர் வீடுகளுக்கு உண்டு. இரட்டைக் குழிக் கழிப்பறையில் குளித்த நீரைச் செலுத்துவதே முறையன்று. குழிகள் விரைவில் நிரம்பும். உள்ளே உள்ளது மக்கி எருவாவதும் கெடும். ஆகவே குளியலறைக் குழாயை மலக்குழியிலிருந்து முற்றிலும் பிரித்து, கல்லும் செங்கல் சல்லியும் நிரப்பிய உறிஞ்சு குழிக்கோ, கொல்லையிலுள்ள வாழைப் பாத்திக்கோ திருப்பிவிட வேண்டும். வாய்க்காலின்மேல் ஒரு சாண் உயரத்தில் குழாயின் வாய் முடியுமாறு செய்தால், கோமுகியில் கண்ட வெற்றிடமே இங்கும் காவலாக நிற்கும். பூரானும் எலியும் பாம்பும் புகாதிருக்க அவ்வாயில் கம்பிவலை கட்டுதல் நலம். பயிர் செய்வோர்க்கு நீரின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நந்தன் கால்வாயில் நீர் வருமா என்று ஆண்டுதோறும் எதிர்நோக்கும் பனமலை ஏரிப் பாசனத்தார், வீட்டு நீரில் ஒரு குடமும் வீணாவதை விரும்பமாட்டார். மலக்குழி மட்டும் கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும்.

செய்யத் தகாதவை

நாற்றம் தாங்காது அவசரத்தில் செய்யும் சில செயல்கள் நாற்றத்தினும் கொடியவை.

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே துளையில் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுதல் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். சிறிய அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். அன்றியும், ஆசிட்டும் பினாயிலும் மிகுதியாகச் சென்றால் செப்டிக் தொட்டியில் அழுக்கை அழிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, நாற்றம் முன்னினும் பெருகும்.

நூலுக்குச் சாயமேற்றும் அன்பர்கள் மற்றொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். கந்தகக் கறுப்புச் சாயத்தைச் சோடியம் சல்பைடில் கரைத்தே நூலுக்கு ஏற்றுகின்றனர். அச்சாயநீர் மிஞ்சியதைக் குளியலறைத் துளையில் ஊற்றி, பின்னர் அங்கேயே ஆசிட்டு ஊற்றிக் கழுவினால், முன்னே கூறிய ஹைட்ரஜன் சல்பைடு ஒரே கணத்தில் பெருமளவில் வெளிப்படும். மலக்குழியில் மெல்ல உண்டாகும் நஞ்சைத் தாமே அறையினுள் உண்டாக்கிக்கொள்வதற்கு இஃது ஒப்பாகும். சாயநீர் எதுவாயினும் வீட்டு ஜலதாரைக்கும் வயலுக்கும் ஏரிக்கும் உரியதன்று. அதற்கென அமைந்த சுத்திகரிப்புக்கே உரியது.

எல்லாவற்றினும் மேலாக, தொட்டியிலோ குழியிலோ மனிதர் எவரையும் இறக்குதல் கூடாது. அடைப்பு எடுக்க ஒருவர் இறங்கி மயங்குவதும், அவரைத் தூக்க மற்றொருவர் இறங்கி மடிவதும் நம் நாட்டில் திரும்பத் திரும்ப நிகழும் துயரம். மூக்கு உணர்விழக்கும் அளவுக்கு நஞ்சு நிறைந்த இடத்தில், கூலிக்கு வந்தவர்க்கு எச்சரிக்கை தரக்கூடியது எதுவும் இல்லை. 2013ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரை இவ்வேலையில் இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இவ்வகையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருமாறு உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. எத்தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. தொட்டி நிரம்பினால் உறிஞ்சு லாரியை அழைத்தலே முறை. தன் வீட்டு நாற்றத்தை நீக்குதற்குப் பிறர் உயிரைப் பணயம் வைப்பது எந்த அறத்துக்கும் ஒவ்வாது.

சங்கங்கள் செய்யத்தக்கது

இவ்வேலைகள் பெரும்பாலும் தனித்தனி வீட்டளவிலே முடிபவை. எனினும் சில, கூட்டாகச் செய்தால் எளிதில் முடியும். நம் சங்கங்களின் பொதுக்கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கி இதனை விளக்கலாம். வேண்டுவோர் பெயரைத் திரட்டி, டிராப்புகளையும் அடைப்பான்களையும் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை குறையும். தரமும் பார்த்து வாங்கலாம். ஊரில் உள்ள கொத்தனார் ஒருவர்க்கு ஒரு வீட்டில் முறையாகச் செய்து காட்டச் சொல்லி, அதனை மற்றவர் வந்து பார்க்கச் செய்தால், அடுத்து எழும் வீடுகளில் இக்குறை தானே நீங்கும். வீட்டுக்கடன் பெற்றுக் கட்டுவோர், திட்டப்படத்தில் குளியல் துளைக்கு 50 மில்லிமீட்டர் நீர்த்தடையும், மலக்குழியில் சேராத தனிக் குழாயும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சுவர் எழுந்த பின்னர் உடைப்பதினும் கோடு போடும்போதே திருத்துவது எளிது.

தனியாக வாழும் முதியோர் வீடுகளையும் அங்கத்தினர்கள் நினைவிற் கொள்வார்களாக. தகட்டைத் தூக்கவும் குனிந்து தேய்க்கவும் அவர்களுக்கு இயலாது. நாற்றம் வந்தாலும் பிறரிடம் சொல்லக் கூசுவர். அக்கம்பக்கத்து இளைஞர் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் செலவிட்டால் அவர்கள் துன்பம் தீரும். கூட்டுறவு என்பது கணக்கேட்டிலும் பங்குத் தொகையிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று.

வீடுதோறும் வெள்ளிக்கிழமை தரை கழுவும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்று கழுவி முடித்த கையோடு, வீட்டிலுள்ள துளைகள் அனைத்திலும், பூட்டிய அறையின் துளையிலும் மறவாமல், ஒவ்வொரு செம்பு நீர் ஊற்றிவிடுக. இதனைப் படிக்கும் அங்கத்தினர்கள் வருகின்ற வெள்ளியன்றே தொடங்குவார்கள் என நம்புகிறோம்.